ஐபி கணிதம்: எந்தப் பாடம் என்பது முதல் கேள்வி, எந்த நிலை என்பது இரண்டாவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த கையோடு, எந்தக் குரூப் எடுக்கலாம் என்ற ஆலோசனைகள் உங்கள் பக்கங்களில் வரத் தொடங்கிவிடும். மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றியும் சிபிஎஸ்இ பற்றியும் அவற்றில் நிறையக் கிடைக்கிறது. ஐபி (இன்டர்நேஷனல் பக்காலோரியேட்) டிப்ளமாவில், அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு ஆண்டுப் படிப்பில், சேரும் பிள்ளைகளின் வீடுகளில் அதே வாரங்களில் எடுக்கப்படும் ஒரு முடிவைப் பற்றித் தமிழில் விரிவாகப் படிக்கக் கிடைப்பது அரிது. நான்கு வகைக் கணிதத்தில் பிள்ளை எதைப் படிப்பது என்ற முடிவு அது. ஜெனீவாவில் 1968இல் உருவான இந்தப் படிப்பு, இந்தியாவுக்குள் 1976இல் நம் கொடைக்கானல் வழியாகத்தான் வந்தது. இன்று சென்னையிலும், சிங்கப்பூர், துபாய் போன்ற ஊர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கிறார்கள். அவர்களின் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

ஐபி-யில் கணிதத்தை விட்டுவிட முடியாது. டாக்டராக விரும்பும் பிள்ளையும் வரலாறு படிக்க விரும்பும் பிள்ளையும் ஏதேனும் ஒரு கணிதம் படித்தே ஆக வேண்டும். இரண்டு கணிதம் எடுக்கவும் வழியில்லை. 2019இல் வகுப்புகள் தொடங்கி 2021இல் முதல் தேர்வு நடந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’. பிள்ளைகள் வாயில் ஏஏ. மற்றொன்று ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிட்டேஷன்’, அது ஏஐ. இந்த ஏஐ-க்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. ‘கம்ப்யூட்டருக்கு நல்லது’ என்று கேள்விப்பட்டு இதைத் தேர்ந்துவிட்டு வருந்துகிற பெற்றோர் உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு பாடங்களிலும் ஹையர் லெவல், ஸ்டாண்டர்டு லெவல் என இரண்டு நிலைகள். எச்எல்-க்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல்-க்கு 150 மணி.

பெரும்பாலான வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி “எச்எல்-ஆ, எஸ்எல்-ஆ?” என்பதுதான். கேள்வியின் வரிசை அங்கேயே தவறிவிடுகிறது. முதலில் ஏஏ-வா ஏஐ-யா என்று தீர்மானிக்க வேண்டும். நிலை அதற்குப் பிறகு. எச்எல் என்பதை கௌரவமாகவும், ஏஐ என்பதைக் கணிதம் வராத பிள்ளைக்கான ஒதுக்குப்புறமாகவும் பார்ப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. நம் ஊரில் காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் இருப்பதைப் போன்றது ஏஐ என்று சிலர் எண்ணுகிறார்கள். ஏஐ எச்எல் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் அணிகள், ஐகன் மதிப்புகள், மார்க்கோவ் சங்கிலி, கிராஃப் தியரி, பாய்சான் பரவல், இணைந்த வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் இருக்கும். இவற்றில் பல, பொறியியல் கல்லூரியில் போய்ப் படிப்பவை.

பாட நேரத்தை எப்படிப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே இரண்டு பாடங்களின் குணம் தெரியும். ஏஏ எச்எல்-இல் கால்குலஸுக்கு 55 மணி, புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் சேர்த்து 33 மணி. ஏஐ எச்எல்-இல் கால்குலஸ் 41 மணி, புள்ளியியலும் நிகழ்தகவும் 52 மணி. எஸ்எல்-இலும் இதே சாய்வுதான்: ஏஏ-வில் கால்குலஸ் 28, புள்ளியியல் 27, ஏஐ-யில் கால்குலஸ் 19, புள்ளியியல் 36. சார்புகளுக்கு ஏஏ எஸ்எல் 21 மணி ஒதுக்க, ஏஐ எஸ்எல் 31 மணி ஒதுக்குகிறது. தரவுக்குப் பொருந்தும் சார்பைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. இரண்டு எஸ்எல் பாடங்களுக்கும் பொதுவான பகுதி ஏறத்தாழ 60 மணி நேரம் மட்டுமே.

ஒரே முக்கோணவியல் இரண்டு பாடங்களிலும் எப்படிக் கேட்கப்படுகிறது என்று காட்டினால் வித்தியாசம் இன்னும் புரியும்.

ஏஏ-வில் இப்படி வரும்: பூச்சியத்திலிருந்து 2 பை வரையுள்ள கோணங்களில், கொசைன் 2 தீட்டா = சைன் தீட்டா என்ற சமன்பாட்டைத் தீர்க்கவும். கால்குலேட்டர் கிடையாது. இரட்டைக் கோண முற்றொருமையைப் போட்டு இடப்பக்கத்தை 1 − 2 சைன்² தீட்டா என்று மாற்ற வேண்டும். அது சைனில் ஓர் இருபடிச் சமன்பாடாகிவிடும். காரணிப்படுத்தினால் சைன் தீட்டாவின் மதிப்பு அரை அல்லது −1. விடைகள் பை/6, 5 பை/6, 3 பை/2. இங்கே பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் மூன்று. கொசைன் 2 தீட்டாவுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சைன் மட்டும் உள்ள வடிவத்தைத் தேர்ந்தால்தான் கணக்கு நகரும் என்பது தோன்றாமல் நின்றுவிடுவார்கள். இரண்டாம் கால்பகுதியில் உள்ள 5 பை/6 விடுபடும். விடையை டிகிரியில் எழுதிவிடுவார்கள்.

ஏஐ-யில் அதே கொசைன் கடலோரமாக வரும்: ஒரு துறைமுகத்தில் நீரின் ஆழம், மீட்டரில், 5 + 0.4 கொசைன் (30 × மணி). கோணம் டிகிரியில். 5.2 மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால்தான் ஒரு படகு உள்ளே வர முடியும். 12 மணி நேரத்தில் எவ்வளவு நேரம் அது வரலாம்? கால்குலேட்டரில் வளைவரையையும் 5.2 என்ற கோட்டையும் போட்டு வெட்டும் இடங்களைப் பார்த்தால் 2ஆம் மணி, 10ஆம் மணி. ஆக, முதல் 2 மணியும் கடைசி 2 மணியும் சேர்த்து 4 மணி நேரம். விடை வந்துவிட்டது, கேள்வி முடியவில்லை. “இந்தச் சூத்திரம் ஒரு வாரம் கழித்தும் பொருந்துமா, காரணம் கூறு” என்று அடுத்த பகுதி வரும். இந்தச் சூத்திரத்தில் ஓதத்தின் சுற்று சரியாக 12 மணி நேரம். கடலில் அது ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்றால் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். சூத்திரம் உயர் ஓதம் என்று சொல்லும் நேரத்தில் கடலில் தாழ் ஓதம் இருக்கும். இதை இரண்டு வாக்கியத்தில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும்.

முதல் கணக்கில் குறியீடுகளைக் கையாளும் கைப்பழக்கமும் பொறுமையும் சோதிக்கப்படுகின்றன. இரண்டாவதில் நீளமான கேள்வியை வாசித்து உள்வாங்குவது, கருவியைச் சரியாகப் பயன்படுத்துவது, கிடைத்த எண்ணுக்குப் பொருள் சொல்வது ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இயற்கணிதத்தில் வேகமாகப் போகும் பிள்ளை, ஆங்கிலத்தில் அரைப் பக்கம் நீளும் கேள்வியைப் பார்த்ததும் மலைத்துப்போவதுண்டு. அந்தப் பிள்ளைக்கு ஏஐ எளிது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தேர்வுத் தாள்களைப் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. எஸ்எல்-இல் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண், 40 சதவீத எடை. எச்எல்-இல் முதல் இரண்டு தாள்களும் இரண்டிரண்டு மணி நேரம், 110 மதிப்பெண், தலா 30 சதவீதம். மூன்றாம் தாள் 55 மதிப்பெண், 20 சதவீதம். மிச்சம் 20 சதவீதம் பிள்ளை எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு. ஏஏ-வின் முதல் தாளில் கால்குலேட்டரே கூடாது. ஏஐ-யின் எல்லாத் தாள்களிலும் கிராஃப் போடும் கால்குலேட்டர் தேவை. எச்எல் மூன்றாம் தாளில் இரண்டே இரண்டு நீண்ட கேள்விகள்தான். முன்பின் பார்த்திராத ஒரு விஷயத்துக்குள் படிப்படியாக இழுத்துச் செல்லும். மாதிரி வினாத்தாள்களை மனப்பாடமாகப் போட்டுப் பழகிய பிள்ளை அங்கே திணறும்.

சூத்திரக் கையேடு எல்லாத் தாள்களுக்கும் தேர்வு அறையிலேயே தரப்படும். ஆகவே சூத்திரம் மனப்பாடம் செய்வதால் கிடைக்கும் மதிப்பெண் மிகக் குறைவு. நம் பிள்ளைகள் பலர் விடையில் கவனம் வைத்து, வழிமுறையைச் சுருக்கி எழுதப் பழகியிருப்பார்கள். ஐபி-யில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண், காரணம் கூறுவதற்குத் தனி மதிப்பெண். “இதை நிறுவுக” என்று விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டுக் கேட்டால், கடைசி வரிக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. இடையில் உள்ள வரிகளுக்குத்தான் எல்லாம். “இதிலிருந்து” என்று தொடங்கும் பகுதியை முந்தைய விடையைப் பயன்படுத்தாமல் வேறு வழியில் போட்டால் விடை சரியாக வந்தாலும் மதிப்பெண் போகலாம்.

ஏஐ எடுக்கும் பிள்ளைகள் அதிகம் இழப்பது ரவுண்டிங்கில். இறுதி விடையை மூன்று முக்கிய எண்ணுருவுக்குத் தர வேண்டும் என்பது பொது விதி. அதை இடைப்படிகளிலும் செய்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் 10,000 ரூபாய் பத்து ஆண்டில் என்னவாகும்? 21,589 ரூபாய். இதையே மாதக் கணக்காகப் போடும் பிள்ளை, மாதத்துக்கான பெருக்கு எண் 1.00643 என்று கண்டுபிடித்து, மூன்று எண்ணுருவுக்குச் சுருக்கி 1.01 என்று எழுதிவைத்துக்கொண்டு, அதை 120 முறை பெருக்கினால் 33,004 வரும். 11,000 ரூபாய்க்கு மேல் பிழை! எண்ணைக் கால்குலேட்டரின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் சுருக்கும் பழக்கம் முதல் மாதத்திலேயே வர வேண்டும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் பார்ப்பதும் அப்படியே. ஏஐ எஸ்எல்-இல் டிகிரி மட்டும் போதும். ஏஏ-விலும் ஏஐ எச்எல்-இலும் ரேடியன் வரும்.

இனி, எந்தப் பிள்ளைக்கு எது என்ற கேள்விக்கு வருவோம்.

பொறியியல், இயற்பியல், கணிதம், கணிதம் கூடிய பொருளியல் ஆகியவற்றில் ஒன்றைப் படிக்கப் போவது ஓரளவு உறுதி என்றால் ஏஏ எச்எல் எடுப்பதே நல்லது. பிள்ளைக்கு அது தாங்குமா என்பதை மட்டும் கீழே சொல்லும் முறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பொறியியல், பொருளியல், கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்கு ஏஏ எச்எல்-ஐயே எதிர்பார்க்கிறது. ஏஐ எச்எல்-ஐ ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு; ஒரே பல்கலைக்கழகத்தில் துறைக்குத் துறை மாறுவதும் உண்டு. பிள்ளை விரும்பும் நான்கைந்து படிப்புகளின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கணிதம், எந்த நிலை, எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ‘எச்எல் கணிதம்’ என்று மட்டும் போட்டிருந்தால், ஏஐ எச்எல் ஆகுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் பிள்ளை மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த கதையை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

உளவியல், உயிரியல், சமூகவியல், வணிக நிர்வாகம், சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் பிள்ளை கையாளப் போவது தரவுகளைத்தான். கருதுகோள் சோதனை, கை வர்க்கச் (chi-square) சோதனை, டி சோதனை, தொடர்புக் கெழு எல்லாம் ஏஐ எஸ்எல்-இலேயே முறையாக வந்துவிடுகின்றன. வொரோனாய் வரைபடமும் அதில் உண்டு. நகரத்தில் ஐந்து இடங்களில் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால், எந்தத் தெரு எந்த வண்டிக்கு அருகில் என்று எல்லை வரைந்து பிரிப்பது. இந்தப் பிள்ளைகளுக்கு ஏஐ பொருத்தமான பாடம். அதைத் தயக்கமில்லாமல் எடுக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் பிள்ளை, அதாவது என்ன படிப்பது என்றே இன்னும் முடிவு செய்யாத பிள்ளை, கைக்கணக்கில் தடுமாற்றம் இல்லை என்றால் ஏஏ எஸ்எல் எடுக்கலாம். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் என்று அதற்கு உத்தரவாதம் தர மாட்டோம். எச்எல் கேட்கும் படிப்புகள் மூடிவிடும். மற்றவற்றில் பெரும்பாலானவை திறந்தே இருக்கும்.

ஏஐ எச்எல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நான்கில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். தரவு அறிவியல், உயிர்த் தொழில்நுட்பம், நகரத் திட்டமிடல் போன்றவற்றுக்கு அதன் பாடங்கள் நேரடியாக உதவும். ஆனால் ஏஏ எச்எல் கடினமாக இருக்கிறது என்பதற்காக, ‘எச்எல்’ என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு மாறுவது சரிவராது. 240 மணி நேரம் அதற்கும்தான். மூன்றாம் தாள் அதற்கும் உண்டு. இன்னொன்று: பல பள்ளிகளில் ஏஐ எச்எல் வகுப்பே நடப்பதில்லை. பள்ளிக் கையேட்டில் பெயர் இருக்கும்; போதிய மாணவர் சேராததால் அந்த ஆண்டு ஆசிரியர் இருக்க மாட்டார்.

இந்தியாவிலேயே பொறியியல் படிக்க எண்ணுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஏஏ எச்எல் எடுத்துவிட்டால் ஜேஇஇ கணிதம் தானாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஏஏ எச்எல் பாடத்திட்டத்தில் அணிகளும் அணிக்கோவையும் கிடையாது. பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் என்று நம் பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் கூம்பு வளைவுகள் இரண்டு பாடங்களிலும் இல்லை. இவை எல்லாம் ஜேஇஇ-யில் உண்டு. கலப்பெண்கள், வெக்டர், ஈருறுப்புத் தேற்றம், கால்குலஸ் ஆகியவை ஒத்துப்போகும். விடுபட்டவற்றை வெளியே படித்தாக வேண்டும். காலமும் இடிக்கும்: ஜேஇஇ மெயினின் இரண்டாம் சுற்று ஏப்ரலில், ஐபி தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்தில். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வை எண்ணுபவர்கள், 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100 என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஐபி-யின் 1 முதல் 7 வரையிலான தரம் அங்கே எப்படி மாற்றிக் கணக்கிடப்படுகிறது என்று அந்தந்த ஆண்டின் விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு நிலையை முடிவு செய்யுங்கள். நீட் எழுதப் போகும் பிள்ளைக்குக் கணிதத் தாளே இல்லை. எஸ்எல் போதும், அந்த நேரம் உயிரியலுக்கும் வேதியியலுக்கும் போகட்டும்.

நிலையைப் பொறுத்தவரை, டிப்ளமாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆறு பாடங்களில் மூன்று எச்எல் கட்டாயம், நான்கு வரை எடுக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 7 வீதம் 42, மையப் பகுதிக்கு (நீள் கட்டுரையும் அறிவுக் கோட்பாடும்) 3, ஆக 45. தேர்ச்சிக்கு மொத்தம் 24 வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மூன்று எச்எல் பாடங்களில் சேர்த்துக் குறைந்தது 12 வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கணித எச்எல்-இல் 3 வாங்கினால் மற்ற இரண்டு எச்எல்-இலும் சேர்த்து 9 வாங்கியே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நிபந்தனையோடு இடம் தரும்போது எச்எல் பாடங்களில் 6, 7 என்று தனித்தனியாகக் கேட்பார்கள். கணிதமே கேட்காத ஒரு படிப்புக்காக ஏஏ எச்எல்-இல் 4 வாங்கி இடத்தை இழப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

பத்தாம் வகுப்பில் 95 வாங்கிய பிள்ளை ஏஏ எச்எல் முதல் தேர்வில் பாதிக்கும் கீழே போவது வழக்கமாக நடப்பது. பிள்ளைக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று வீட்டில் திட்டு விழும். காரணம் வேறு. பத்தாம் வகுப்பில் கேள்வியின் வகை தெரிந்திருக்கும். எண்கள் மட்டும் மாறும். ஏஏ எச்எல்-இல் மடக்கையும் தொடர்வரிசையும் ஒரே கேள்வியில் கலந்து வரும், எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்து நிலையை முடிவு செய்யக் கூடாது. சிபிஎஸ்இ-யில் ‘பேசிக்’ கணிதம் எழுதிய பிள்ளையை ஏஏ எச்எல்-இல் சேர்க்காதீர்கள். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யில் கூடுதல் கணிதம் படித்த பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் எளிதாகப் போகும். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் தாங்கள் மக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒரு மாலை நேரத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கால்குலேட்டர் இல்லாமல், 40 நிமிடம், மூன்று கணக்கு. ஒன்று: ஒன்றை, மூன்றின் வர்க்கமூலத்திலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணால் வகுத்தால் வருவதைச் சுருக்குக. விடை, மூன்றின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தது. இரண்டு: ஓர் இருபடிச் சமன்பாட்டில் வர்க்க உறுப்பின் கெழு 1, மாறிலி 9, மூலங்கள் சமம் என்றால் நடு உறுப்பின் கெழு என்ன? 6, −6 இரண்டும் வர வேண்டும். பாதிப் பிள்ளைகள் 6-ஓடு நிறுத்திவிடுவார்கள். மூன்று: அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் கூடுதல் எப்போதும் மூன்றால் வகுபடும் என்று நிறுவுக; அடுத்தடுத்த நான்கு எண்களின் கூடுதல் நான்கால் வகுபடுமா? நான்கு எண்களின் கூடுதலை நான்கால் வகுத்தால் எப்போதும் மீதி 2 வரும், ஆகவே வகுபடவே படாது. விடை தெரிகிறதா என்பதைவிட, மாட்டிக்கொண்ட பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இரண்டு, மூன்று எடுத்துக்காட்டுகளைப் போட்டுப் பார்த்து, பிறகு எழுத்தால் பொதுமைப்படுத்த முயன்றால், மதிப்பெண் சுமாராக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஏஏ ஒத்துவரும். ஐந்து நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டால் எச்எல் வேண்டாம்.

மறுநாள் வீட்டு மின்கட்டண விகித அட்டையைக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிக்கு ஒரு விலை, அதற்கடுத்த படிக்கு வேறொரு விலை என்று போகிறதே, யூனிட்டுக்கு எதிராகக் கட்டணத்தை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். நேர்கோடுகள் ஒவ்வொரு படியிலும் சாய்வு மாறி மேலே போகும். 500 யூனிட்டில் கோடு அறுந்து, இருநூறு ரூபாய்க்கு மேல் ஒரே தாவலாக எழும். அந்த வரம்பைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலை போய்விடுவதால் வரும் தாவல் அது. படிப்படியாக விலை மாறும் இத்தகைய சார்புகள் ஏஐ எஸ்எல்-இலேயே உண்டு. பிள்ளை அந்தத் தாவலைத் தானாகக் கண்டுபிடித்து, “அப்படின்னா 501 யூனிட் ஓடக் கூடாதே” என்று சொல்லிவிட்டால், ஏஐ அந்தப் பிள்ளைக்கு இனிக்கும்.

பாடம் மாற்றுவதைப் பற்றி. ஏஏ எச்எல்-இலிருந்து ஏஏ எஸ்எல்-க்கு இறங்குவதே எல்லாவற்றிலும் எளிது. எஸ்எல் பாடம் முழுவதும் எச்எல்-க்குள் அடக்கம். பள்ளி எந்த வரிசையில் நடத்துகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் எஸ்எல் பகுதியை முடித்துவிட்டு எச்எல் பகுதிக்குப் போகும் பள்ளியில் இறங்குவது சுலபம். கலந்து நடத்தும் பள்ளியில், இறங்கும் பிள்ளை படித்த கலப்பெண்கள் பயன்படாமல் போகும், படிக்க வேண்டிய நிகழ்தகவு பாக்கி இருக்கும். கணிதத்தை எஸ்எல் ஆக்கினால் மூன்று எச்எல் கணக்குக் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். வேறொரு பாடத்தை அந்த நேரத்தில் எச்எல் ஆக்குவது கணிதத்தைவிடக் கடினமாகிவிடலாம். ஏஏ-விலிருந்து ஏஐ-க்கு முதல் பருவத்துக்குள் மாறலாம். வொரோனாய், கடன் தவணை, கை வர்க்கச் சோதனை ஆகியவற்றைத் தனியாகப் படிக்க வேண்டிவரும். ஏஐ-யிலிருந்து ஏஏ-வுக்கு மாறுவதும், எஸ்எல்-இலிருந்து எச்எல்-க்கு ஏறுவதும் முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் பலிப்பதில்லை. மே மாதத் தேர்வுக்கான பதிவின் முதல் கெடு அதற்கு முந்தைய நவம்பர் 15. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பக் கெடு அக்டோபர் 15. ஆசிரியர் கணிக்கும் தரம் அந்த விண்ணப்பத்தோடு போகும். இரண்டாம் ஆண்டு அக்டோபரில் பாடம் மாற்றினால் கணிப்பதற்கே எதுவும் இருக்காது.

ஆய்வுக் கட்டுரையில் நான்கு வகைப் பிள்ளைகளுக்கும் பக்க அளவும் மதிப்பெண் பங்கீடும் ஒன்றுதான்: 12 முதல் 20 பக்கம், 20 மதிப்பெண். அமைப்புக்கு 4, கணித மொழிக்கு 4, ஈடுபாட்டுக்கு 3, சீர்தூக்கிப் பார்ப்பதற்கு 3, கணிதப் பயன்பாட்டுக்கு 6. தங்க விகிதம் போன்று எல்லோரும் எழுதியதையே எழுதினால் ஈடுபாட்டு மதிப்பெண் போகும். பெரிய கணிதத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால், புரிந்து செய்தது தெரியாததால் அந்த 6-இல் பெரும்பகுதி போகும். காசு கொடுத்து வெளியே எழுதி வாங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பிடிபட்டால் டிப்ளமாவே போய்விடும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நான்கில் எந்தெந்த வகுப்பு இந்த ஆண்டு உறுதியாக நடக்கும், எச்எல் பகுதி எப்போது தொடங்கும், மாற்றத்துக்குக் கடைசி நாள் எது, எந்தக் கால்குலேட்டரை வகுப்பில் பயன்படுத்துவார்கள் என்ற நான்கையும் கட்டணம் வாங்கும் முன்பே பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சராசரித் தரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளையை ஏஐ எஸ்எல்-இல் தள்ளுவதும், கல்லூரிப் பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்று தாங்காத பிள்ளையை ஏஏ எச்எல்-இல் வைத்திருப்பதும் இரண்டுமே அநியாயம். ஆறாவது வார முடிவில் ஒரு கால்குலேட்டர் இல்லாத தாளும் ஒரு கால்குலேட்டர் தாளும் வைத்து, திருத்திய விடைத்தாளோடு பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினால் போதும். அரை நாள் வேலை அது.

இப்படிக்கு,
ஐபி கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.